புயல், மழை, நோய்க் காலத்தில் ஊருக்கு உதவுவது எப்படி: செட்டிநாட்டு ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கனமழை, புயல், காய்ச்சல் பரவல், நாள்கணக்கில் மின்தடை என்று எது வந்தாலும் நம் ஊர்களில் இளைஞர்கள் உடனே இறங்கிவிடுகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. சறுக்குவது வரிசையில்தான். எடுத்த எடுப்பில் பொருள் சேர்க்கிறார்கள். யாருக்கு என்ன தேவை என்ற கணக்கு நாலாம் நாள்தான் கைக்கு வருகிறது. அதற்குள் மெயின் ரோட்டை ஒட்டிய வீடுகளுக்கு மூன்று தடவை ரொட்டி போயிருக்கும். கண்மாய்க் கரைக் குடிசைக்கு ஒன்றுமே போயிருக்காது.

காரைக்குடி, தேவகோட்டைத் தெருக்களுக்கும், கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் போன்ற பேரூர்களுக்கும், சுற்றியுள்ள கிராமங்களுக்கும் பொருந்துகிற மாதிரி இதை எழுதியிருக்கிறேன். வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்பது, இடிபாட்டில் இறங்குவது எல்லாம் தீயணைப்புத் துறையின் வேலை. அது இதில் இல்லை. அக்கம்பக்கத்தார் செய்யக்கூடியதும், அவர்களால் மட்டுமே சரியாகச் செய்யக்கூடியதும்தான் இங்கே.

1. புரட்டாசிக்குள் தெருப் பட்டியலை எழுதி முடியுங்கள்

நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். ஒரு தெருவுக்கு ஒரு நோட்டு. போனில் வேண்டாம், மின்சாரம் போன இரண்டாம் நாள் போனும் போய்விடும்.

கோயில் புள்ளிக் கணக்கையோ (கோயில் வரிக்காகக் குடும்பங்களை எண்ணும் கணக்கு) வாக்காளர் பட்டியலையோ வாங்கி வைத்துக்கொண்டு வேலை முடிந்துவிட்டதாகப் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். புள்ளிக் கணக்கு இந்த ஊரைச் சேர்ந்தவர்கள் யார் என்று சொல்லும். அதில் பாதிப் பேர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். நமக்கு வேண்டியது, இன்று ராத்திரி இந்த வீட்டில் யார் படுத்திருப்பார்கள் என்பது. ஆகவே வீடு வீடாகப் போய்க் கேட்டே எழுத வேண்டும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் இவற்றை எழுதுங்கள்: கதவு எண், கூடவே வீட்டு விலாசம், அதாவது ஊரார் அந்தக் குடும்பத்தைக் குறிப்பிடும் அடையாளப் பெயர் (கதவு எண்ணைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, விலாசத்தைச் சொன்னால் பால்காரர்கூட வழி காட்டுவார்), இரவில் தங்குபவர்கள், அவர்கள் வயது, நடக்க முடியாதவர் உண்டா, தினமும் சாப்பிடும் மாத்திரை, ஊசி, கர்ப்பிணி இருந்தால் பிரசவ நாள், கிணறு உண்டா, மோட்டாரா கயிறா, வெளியூரில் இருக்கும் பிள்ளையின் எண்.

பூட்டிய வீடுகளையும் விடாதீர்கள். சாவி யாரிடம், உரிமையாளரை எந்த எண்ணில் பிடிக்கலாம் என்ற இரண்டும் போதும். கூரை ஒழுகினாலோ, மாதக்கணக்கில் தேங்கிய தண்ணீரில் கொசு பெருகினாலோ, தெருவே அந்தச் சாவியைத் தேடி அலையும்.

அப்புறம், எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள். கண்மாய்க் கரையில் குடிசை போட்டிருப்பவர்கள், செங்கல் சூளையில் தங்கி வேலை செய்பவர்கள், தோப்புக் காவலுக்கு இருப்பவர், பெரிய வீட்டின் பின்கட்டில் குடும்பத்தோடு இருக்கும் காவல்காரர், கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடநாட்டுத் தொழிலாளர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சோற்றுக்கு வழியில்லாமல் முதலில் தவித்தவர்கள் இவர்கள்தான். இவர்களுக்கென்று தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள். கொட்டகைக்குப் போகும்போது இந்தி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

நோட்டுக்கு இரண்டு பிரதி. ஒன்று தெருவில், ஒன்று வேறு தெருவில் இருப்பவரிடம். இதைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடவே கூடாது. தனியாக இருக்கும் ஆச்சிகள் யார் யார் என்ற பட்டியல் தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

2. ஆளைச் சேர்க்கும்போதே வேலையைப் பிரித்துவிடுங்கள்

ஒரு தெருவுக்கு எட்டுப் பேர் தாராளம். முப்பது பேர் சேர்ந்தால் இருபது பேர் மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எழுதுவதற்கு ஒருவர், சரக்கு அறைக்கு ஒருவர், பணத்துக்கு ஒருவர், போனுக்கு ஒருவர், மீதிப் பேர் நடப்பதற்கு. பணமும் சரக்கும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. அவர் நேர்மையைச் சந்தேகிப்பதற்காக இல்லை. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் அவரைக் காப்பாற்றுவதற்காக.

நடப்பவர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. முகம் தெரியாத இரண்டு ஆண்கள் வந்து தட்டினால் தனியாக இருக்கும் எந்த ஆச்சியும் கதவைத் திறக்க மாட்டார், திறக்கவும் கூடாது. மகளிர் குழுவில் இருப்பவர்களுக்குத் தெருவின் ஒவ்வொரு வீடும் தெரியும். அவர்களை முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், கடைசியில் பொட்டலம் கட்டுவதற்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.

சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்களும் உதவ வருவார்கள். அவர்களுக்குப் போன் வேலை கொடுங்கள். அது சின்ன வேலை இல்லை. வெளியூரில் இருக்கும் மகனுக்கு “அம்மா நன்றாக இருக்கிறார்கள், இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தோம்” என்று ஒரு வார்த்தை சொன்னால், அவர் பத்துப் பேரைக் கூப்பிட்டு விசாரிப்பது நிற்கும்.

3. அரசு ஆட்களிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்

கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), ஊராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகம், கிராம சுகாதார செவிலியர், லைன்மேன். இந்த நாலு பேருக்கும் உங்கள் குழுவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், உங்களுக்கும் அவர்கள் எண் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம் போடப் போகிறார்கள் என்று வி.ஏ.ஓ.வுக்குத்தான் தெரியும். கேட்காமல் நீங்கள் வேறு இடத்தில் சமைத்தால் ஒரே ஆட்களுக்கு இரண்டு சாப்பாடு, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை என்று ஆகும்.

நோட்டின் முதல் பக்கத்தில் இந்த எண்களை எழுதி வையுங்கள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, அவசர உதவி 112, மருத்துவ ஆலோசனை 104, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987. நம் பகுதி இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. காரைக்குடிப் பக்கம் சிவகங்கை, திருமயம் பக்கம் புதுக்கோட்டை. எல்லையோர ஊர்க்காரர்கள் 1077-இல் பேசும்போது மாவட்டத்தையும் வட்டத்தையும் முதலில் சொல்லிவிடுங்கள்.

4. பொருள்களை வாங்கும் முன் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

பெரிய டார்ச், விசில், கயிறு, தார்ப்பாய், மண்வெட்டி, கம்பூட்ஸ், ரப்பர் கையுறை, பவர் பேங்க், முதலுதவிப் பெட்டி. இவ்வளவும் குழுவின் கையில் இருக்கட்டும்.

மற்றதெல்லாம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. ஜெனரேட்டர் மைக்செட்காரரிடம், அண்டாவும் விறகடுப்பும் சமையல் மாஸ்டரிடம், கொட்டகைச் சாமான் பந்தல்காரரிடம், மரம் அறுக்கும் மெஷின் மரம் வெட்டுபவரிடம், அரிசி புதுவயல் ஆலைகளில். சும்மா இருக்கும் மாதத்திலேயே போய்ப் பேசி, வாடகை என்ன, டீசல் யார் செலவு என்று முடிவு செய்து எழுதிக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரை கடந்த பிறகு புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டரைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் போய் வாடகை பேச முடியாது.

5. முதல் நாள்: கொடுக்காதீர்கள், சுற்றிப் பாருங்கள்

காற்று அடங்கிய பிறகு, வெளிச்சத்தில் கிளம்புங்கள். முதல் சுற்றில் கையில் நோட்டும் விசிலும் போதும்.

அறுந்து கிடக்கும் எந்தக் கம்பியிலும் மின்சாரம் இருப்பதாகவே நினையுங்கள். குச்சியால் தள்ளிப் பார்ப்பது, கல்லைத் தூக்கிப் போடுவது எதுவும் வேண்டாம். இரண்டு பக்கமும் ஆளை நிறுத்தி வழியை மறித்துவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள். அவர் நேரில் வந்து சொல்லும்வரை மறித்தது மறித்ததுதான்.

அடுத்தது சுவர். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர், அதிலும் ஆளில்லாத வீட்டின் மதில், நாள்கணக்கில் தண்ணீர் குடித்திருக்கும். மழை விட்டு வெயில் அடித்த பிறகும் ஓரிரு நாளில் சரியும். எல்லோரும் ஆபத்து முடிந்ததாக நினைக்கும் நேரம் அதுதான். உப்பிய சுவர், புதிதாக விரிசல் விட்ட சுவர் தெரிந்தால் சுண்ணாம்பால் கோடு போட்டு, அந்தப் பக்கம் பிள்ளைகள் போகாமல் பாருங்கள். நாட்டு ஓடு சரிந்து கிடக்கும் தாழ்வாரத்துக்குக் கீழே நின்று பேசாதீர்கள்.

பெரிய வீடுகளுக்குள் போனால் முற்றத்தைப் பாருங்கள். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் அங்கேதான் விழுகிறது. அது வெளியேறும் வழியில் சருகும் பறவைக் கூடும் அடைத்திருந்தால் தண்ணீர் எதிர்த்து வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றியுள்ள உள்கட்டுக்குள் ஏறும். கையுறை போட்டுக்கொண்டு, குச்சியால் முதலில் கிளறிவிட்டு எடுங்கள். பாம்பு ஒதுங்கும் இடமும் அதுதான். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை நனைந்தால் வழுக்கும். வயதானவர்கள் இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வது இங்கேதான். முற்றத்திலிருந்து படுக்கை அறைவரை சாக்கை விரித்துவிட்டு வந்தாலே பெரிய உதவி.

ஓட்டைச் சரிசெய்கிறேன் என்று யாரும் கூரையில் ஏற வேண்டாம். ஈர ஓட்டில் ஏறுவது பழகிய கொத்தனாருக்கே ஆகாது. தார்ப்பாயை உள்ளே சாமான்மீது போர்த்துங்கள், அது போதும்.

கண்மாய்ப் பக்கம் போகிறவர்கள் கலுங்கில் (உபரித் தண்ணீர் வழியும் இடம்) தண்ணீர் போகிறதா, கரையில் கசிவு உண்டா என்று தள்ளி நின்று பார்த்துச் சொன்னால் போதும். தன் வயலைக் காப்பாற்ற மடையைத் திறப்பது, கரையை வெட்டுவது என்று யாராவது கிளம்பினால் உடனே வி.ஏ.ஓ.வுக்குச் சொல்லுங்கள். ஒரு ஊர்க் கண்மாய் உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழே உள்ள அடுத்த கண்மாய்க்குத்தான் போய்ச் சேரும்.

6. கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது

“ஏதாவது வேணுமா ஆச்சி?” என்று கேட்டால் “ஒண்ணும் வேணாம் தம்பி” என்றுதான் பதில் வரும். வாழ்ந்த வீட்டில் இருந்துகொண்டு வேண்டும் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவதுதான் புதிதாக வருபவர்களின் பெரிய தவறு.

கேள்வியைச் சின்னதாக்குங்கள். “ராத்திரி மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு ஆச்சி, அட்டையைக் காட்டுங்க.” “காலையில என்ன சமைச்சீங்க?” “சிலிண்டர் மாத்தி எத்தனை நாளாச்சு?” “குடிக்கிற தண்ணி எங்கிருந்து வருது?” நாலாவது கேள்விக்குள் உண்மை நிலவரம் வந்துவிடும். அட்டையில் இரண்டே மாத்திரை இருப்பதும், நேற்று ராத்திரி மோரோடு படுத்ததும் அப்போதுதான் தெரியும்.

கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் வேறு விதம். அங்கே தேவையைச் சொல்வார்கள், ஆனால் குடும்பத்தில் பெண்களுக்கு வேண்டியதை ஆண்களிடம் சொல்ல மாட்டார்கள். நாப்கின், உள்ளாடை, பிள்ளைக்குத் துணி இதெல்லாம் பெண்கள் கேட்டு, பெண்களே மூடிய பையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து “என்ன அனுப்ப?” என்று கேட்பவர்களுக்கு எழுதிய பட்டியலை மட்டும் அனுப்புங்கள்: பாய் இத்தனை, போர்வை இத்தனை, கொசுவர்த்தி இத்தனை என்று. பழைய துணி வேண்டாம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். மூட்டை மூட்டையாக வந்து இறங்கி, நனைந்து, நாற்றமெடுத்து, அதைப் பிரிக்கவே நாலு பேர் மாட்டிக்கொள்வார்கள். வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுக்கவே கூடாது. நன்கொடை கொடுத்தவர் ஆதாரம் கேட்டால் சரக்கையும் ரசீதையும் படம் எடுத்து அனுப்பலாம்.

7. சாப்பாடு: நேரம்தான் முக்கியம்

சமைக்கத் தெரிந்தவர் ஊரில் ஏராளம். தவசிப்பிள்ளை, அதாவது நம் பக்கத்துச் சமையல்காரர், ஒருவர் அடுப்படிக்கு வந்துவிட்டால் ருசியைப் பற்றிக் கவலையே இல்லை. கவலை எல்லாம் அண்டாவை இறக்கியதிலிருந்து கடைசி ஆள் வாயில் வைக்கும்வரை எவ்வளவு நேரம் என்பதில்தான். நாலு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்த சோறு வயிற்றைக் கெடுக்கும். ஏற்கெனவே தண்ணீர் சரியில்லாத ஊரில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தால் நாம் உதவவில்லை, நோயைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறோம். இறக்கிய நேரத்தை அண்டா மூடியிலேயே சாக்பீஸால் எழுதுங்கள். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் வண்டி கிளம்ப வேண்டும்.

தலைக்கணக்கை முந்தின நாள் இரவே மாஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள். கலந்த சாதத்துக்கு ஒரு கிலோ அரிசியில் எட்டிலிருந்து பத்துப் பேர் சாப்பிடலாம். காலையில் கணக்கு மாறினால் அரிசியைக் கூட்டாதீர்கள், இரண்டாவது உலை வைக்கச் சொல்லுங்கள். பாதியில் அரிசி சேர்த்தால் ஒரு பக்கம் குழையும், ஒரு பக்கம் வேகாது.

தூரம் போகிற பொட்டலத்துக்குப் புளியோதரை, எலுமிச்சைச் சாதம். பக்கத்தில் பரிமாறுவதற்குச் சாம்பார் சாதம். தேங்காய்ச் சட்னியும் தயிர்ச்சாதமும் வேண்டாம், சீக்கிரம் கெடும். தொட்டுக்கொள்ள ஊறுகாய் போதும். சூடாக இருக்கும்போதே பாலிதீன் பையில் கட்டாதீர்கள், வியர்த்து நொந்துவிடும். வாழை இலையில் கட்டலாம். செய்தித்தாளை நேராகச் சோற்றில் படவிடாதீர்கள்.

சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு மூன்று வேளையும் புளியோதரை கொடுத்தால் அவர்கள் பாடு திண்டாட்டம். இட்லியோ கஞ்சியோ தனியாகப் பத்துப் பேருக்காவது செய்யுங்கள். கைக்குழந்தைக்கு யாராவது பால் பவுடர் டப்பா கொடுத்தால் கண்டபடி விநியோகிக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால்தான் பாதுகாப்பு. சுத்தமில்லாத தண்ணீரில் கரைத்த பவுடர் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. செவிலியர் சொன்னால் மட்டும் கொடுங்கள்.

எந்த இடத்தில் கொடுப்பது என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். கோயில் வாசலிலோ ஏதோ ஒரு சமூகத்தின் மண்டபத்திலோ பந்தி போட்டால், தயக்கத்தால் வராமல் போகிறவர்கள் உண்டு. வராதவர்களைப் பார்த்து “அவர்களுக்குத் தேவையில்லை போல” என்று எழுதிவிடுவோம். அரசுப் பள்ளி, அங்கன்வாடி, பஸ் நிறுத்தம் போன்ற பொது இடத்தில், ஒரே வரிசையில், ஒரே அண்டாவிலிருந்து கொடுங்கள். காலனிக்குத் தனி வண்டி அனுப்புவதாக இருந்தால் அந்த வண்டி முதலில் கிளம்பட்டும்.

8. தண்ணீர்: அளவு தெரியாமல் மருந்து போடாதீர்கள்

ஊருணித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் மழைக்குப் பிறகு தெளிவாகத் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். தெருச் சாக்கடை அதில் கலந்திருக்கும். குடிப்பதற்குக் கொதிக்க வைத்த தண்ணீர்தான். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது விட வேண்டும். கலங்கிய தண்ணீராக இருந்தால் முதலில் தெளியவிட்டு, துணியில் வடிகட்டிவிட்டுக் கொதிக்க வையுங்கள்.

கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடும்போது கைக்கு வந்தபடி அள்ளிக் கொட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். கணக்கு எளிது. கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதே எண்ணால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்குங்கள். வருவது கன மீட்டர், அதாவது அத்தனை ஆயிரம் லிட்டர். ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் 9,400 லிட்டர் இருக்கும்; 24 கிராம் போதும். நகைக்கடைத் தராசு வேண்டாம், மளிகைக்கடைத் தராசில் நிறுத்தாலே போதும்.

பவுடரை நேராகக் கிணற்றில் போடாதீர்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி தண்ணீர் சேர்த்துக் கலக்கி, ஐந்து பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு, மேலே தெளிந்ததை வேறு வாளிக்கு மாற்றி, அதைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும். ஊராட்சியில் குளோரின் பார்க்கும் கிட் இருக்கிறது; லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேல்நிலைத் தொட்டியை நாம் தொட வேண்டாம், அது டேங்க் ஆபரேட்டர் பொறுப்பு.

ஜெனரேட்டரை வீட்டுக்குள், மூடிய தாழ்வாரத்தில் ஓட்டாதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது. வீட்டு மோட்டாருக்கு இணைப்புக் கொடுக்கும் முன் மெயினை அணைத்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனே பார்க்க வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் எதிர்த்துப் போய், கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிரை எடுக்கும்.

9. மாத்திரை, ஊசி, பாம்பு

சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு மாத்திரை ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. முதல் சுற்றில் எழுதிய அட்டைப் பெயர்களைச் செவிலியரிடம் கொடுங்கள். வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அரசுத் திட்டமான ‘மக்களைத் தேடி மருத்துவ’த்தில் பெயர் இருப்பவர்களுக்கு அந்த வழியிலேயே கிடைக்கும். அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வாய்வார்த்தையாகப் பெயரை நம்பாதீர்கள்.

இன்சுலின் வைத்திருப்பவர்கள் பிரிட்ஜ் ஓடவில்லை என்று பயப்படுவார்கள். ஈரமணலில் வைத்த மண்பானைக்குள், பையில் கட்டி வைக்கலாம். பயன்படுத்த ஆரம்பித்த குப்பி 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் நாலு வாரம்வரை பொதுவாகத் தாங்கும். நேராக ஐஸில் மட்டும் வைக்காதீர்கள்; உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களையும் பிரசவ நாள் நெருங்கியவர்களையும் எச்சரிக்கை வந்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட வேண்டும். மரம் விழுந்து ரோடு அடைத்த பிறகு 108-ஆலும் வர முடியாது.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஒன்றை முழுதாக, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் (பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்) கரைக்க வேண்டும். பாதி பாக்கெட், அரை டம்ளர் என்பதெல்லாம் தப்பு. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டிப் போடுங்கள்.

பாம்பு கடித்தால் வெட்டக் கூடாது, கட்டுப் போடக் கூடாது, மந்திரித்துப் பார்வை பார்க்க அழைத்துப் போகக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து நேராக அரசு மருத்துவமனை.

10. பணம்

ரொக்கமாக வாங்கினால் ரசீது, ஜிபேயில் வந்தால் அன்றைக்கே நோட்டில் ஏற்றுவது. வாரம் ஒருமுறை வரவு செலவை எழுதி ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள்.

நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் பணம் அங்கிருந்து வரும். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. மலேசியாவிலோ அமெரிக்காவிலோ குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுத்தால், அவர் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருந்தாலும், அது அயல்நாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டு அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் அதை வாங்க முடியும். ஆகவே அப்படிப் பதிவில்லாத நம் இளைஞர் குழு அதை வாங்கக் கூடாது. “உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது அண்ணே?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படிப்பட்டவரைப் பதிவுள்ள அறக்கட்டளையின் பக்கம் திருப்பிவிடுங்கள்.

11. மூன்றாம் வாரம்

ரொட்டி வேன்கள் வருவது நின்றிருக்கும். வேலை இப்போதுதான் ஆரம்பிக்கிறது, அதனால் குழுவில் பாதிப் பேரை முதல் வாரத்தில் வீட்டில் இருக்கச் சொல்வது நல்லது. எல்லோரும் ஒரே மூச்சில் ஓடினால் இந்த நேரத்தில் ஒருவருக்கும் தெம்பு இருக்காது.

டெங்குக் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு நாள் தெருவில் உள்ள கல்தொட்டி, அண்டா, உடைந்த பானை, டயர் எல்லாவற்றையும் கவிழ்க்க வேண்டும். பூட்டிய வீடுகளுக்குச் சாவிக்காரரோடு, உரிமையாளரிடம் போனில் கேட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டார் ஒருவரையும் வைத்துக்கொண்டு போங்கள். முற்றம், மொட்டைமாடி, பின்கட்டுக் கிணறு மூன்றையும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்து நிவாரண மனு. குடிசை இடிந்தவர்கள் சாமானை ஒதுக்குவதற்கு முன் படம் எடுத்திருக்க வேண்டும். முதல் சுற்றிலேயே நீங்கள் எடுத்துக் கொடுத்திருந்தால் இப்போது உதவும். மாடு, ஆடு செத்திருந்தால் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும். பயிர் சேதத்துக்கு வி.ஏ.ஓ.வோடு வேளாண் உதவி அலுவலரையும் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மனு எழுதும் முன்பே பாருங்கள். எழுத்து மாறியிருப்பதால் தள்ளிப்போகும் மனுக்கள் நிறைய.

வாடகைக் குடிசையில் இருப்பவருக்கும் பட்டா இல்லாத இடத்தில் இருப்பவருக்கும்தான் இழுபறி அதிகம். கணக்கெடுப்பில் விட்டுப்போனவர் என்று தெரிந்தால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். அன்றைக்குக் கூலி போகும் என்பதால் பலர் போகாமலேயே விட்டுவிடுகிறார்கள். பஸ் செலவையும் அந்த ஒரு நாள் கூலியையும் குழுப் பணத்திலிருந்து கொடுக்கலாம், கணக்கில் அப்படியே எழுதலாம். மனுவின் நகலையும் அங்கே தரும் ஒப்புகைச் சீட்டையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். நம்மிடம் மனு எண்ணும் தேதியும் இருந்தால் போதும், அடுத்த மாதம் போய் விசாரிக்கலாம்.